மலைக்கு இந்தப் பக்கம் அருவி

ஜனவரி 12

குட்டியின் அப்பாவுக்கு,

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தீரவில்லை. மலையைக் குடையும் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டி கட்டும்போது "ஒன்றரை வருஷம்தான், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்று சொன்ன மனிதருக்கு என்ன எழுதுவது? வாரம் ஒருமுறை லாரியில் இறங்கி வந்து கடைத்தெருவிலிருந்து போன் செய்கிறீர்கள். நான் எடுப்பதில்லை. எடுத்தால் கத்துவேன். காகிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பெரியவளுக்கு மறுபடியும் பவர் ஏறியிருக்கிறது. கண்ணாடிக் கடையில் நானே சோதித்தேன். நம்பாமல் இன்னொரு முறை சோதித்தேன். கடைக்கு வரும் கண் டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பொண்ணு வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கா. வெளிய கூட்டிட்டுப் போங்க, தூரத்தைப் பாக்கட்டும்" என்றார். நாலாவது மாடியில் நமக்கு ஏது தூரம்? எதிர்க் கட்டிடத்துச் சுவர்தான்.

கீழ்வீட்டு லிப்ட் மெக்கானிக் அண்ணனிடம் இதைப் புலம்பினேன். "அட, ஒரு மணி நேரம் பஸ்ல போனா அருவி இருக்கும்மா. கைப்பிடிக் கம்பியெல்லாம் போட்டிருக்காங்க. எங்க வீட்டுச் சின்னது நடக்க ஆரம்பிச்சதே அங்கதான்" என்றார். பன்னிரண்டு வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறோம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை "அடுத்த வாரம் போகலாம்" என்று தள்ளியிருக்கிறோம்!

போன ஞாயிறு போனோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மரங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை. அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன் குளிர் வந்தது. ஏதோ பெரிய கதவை யாரோ திறந்து வைத்தது போல முகத்தில் வந்து மோதியது. வளைவு திரும்பியதும் எதிரே அருவி நின்றது. அதிகம் உயரமில்லை, இரண்டு மாடி இருக்கும். ஆனால் நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த பெண்மணி "கொஞ்சம் நகருங்களேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

குட்டி அதையே உற்றுப் பார்த்துவிட்டு என் சேலையை இழுத்தான். "அம்மா, ராத்திரி ஆனா இதை யாரு ஆஃப் பண்ணுவாங்க?"

"யாரும் பண்ண மாட்டாங்கடா."

"பில் வராதா?"

இதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம், வேறு எதற்கும் இல்லை.

---

ஜனவரி 25

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்தேன். படித்தபின், வக்கீல் இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருப்பார் என்று தோன்றியது. சரி, திட்டு. எழுதுகிறாயே, அது போதும்.

"பில் வராதா" என்பதை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். துளையிடும் இயந்திரத்தை ஓட்டுபவர் இப்போது என்னைப் பார்த்தாலே "சார், மலைக்கு பில் வந்துச்சா?" என்கிறார்.

என் நாள் எப்படி என்று நீ கேட்கவில்லை; நானே சொல்கிறேன். காலையில் சுரங்கத்துக்குள் போகிறோம். முந்தின நாள் வெடித்த பாறை கிடக்கும். அதைப் பார்த்து, தட்டி, விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்து, "மேலே போகலாம்" என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வெடி. இந்தச் சுரங்கச் சாலை முடிந்துவிட்டால் நகரத்துக்கு அரை மணி நேரம். இன்றைக்கு மலையைச் சுற்றி ஒன்பது மணி நேரம். உங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு தூரத்தில் இருக்கிறேன்.

போன வாரம் பாறை முகத்தில் ஒரு விரிசலிலிருந்து தண்ணீர் கசிந்தது. விரலளவுதான். கையில் ஏந்திக் குடித்தேன். பல் கூசும் குளிர். எப்போதோ பெய்த மழை, வெளிச்சமே பார்க்காமல் இத்தனை காலம் கல்லுக்குள் நடந்து வந்து என் கையில் விழுகிறது. பாறை பார்ப்பதே பிழைப்பாக இருந்தும் இன்னொரு முறை கையை ஏந்தினேன்.

கேட்காமல் வந்தது தப்புதான். கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

அருவிக்கு நேர் கீழே பிள்ளைகளை நிற்க விடாதே. தண்ணீரோடு கல்லும் வரும். பெரியவளை ஒரு வரி எழுதச் சொல்.

---

பிப்ரவரி 11

குட்டியின் அப்பாவுக்கு,

வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து கேட்கவில்லையா? அப்படியென்றால் என் பதில் என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் போயிருக்கிறீர்கள். இதைப் படித்த அன்று கடையில் ஒருவருக்கு இடது கண்ணாடியை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

பெரியவள் ஒரு வரியும் எழுத மாட்டாளாம். "அவருக்கு நான் ஏன் எழுதணும்?" என்றாள். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

இதற்கிடையில் நாங்கள் இன்னொரு அருவிக்குப் போய் வந்தோம். பெரியது. கட்டிடத்திலிருந்தே ஆறு குடும்பங்கள் கிளம்பிவிட்டன. லிப்ட் அண்ணன் முன்னால் நடக்க, தோளில் ஒரு குழந்தை, முதுகில் ஒரு பை. அண்ணி கடைசியில் வந்தார், யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள. பாதை ஏறிக்கொண்டே போகிறது. செங்குத்து இல்லை, ஆனால் முடிவது மாதிரியும் தெரியவில்லை. குட்டி பாதி வழியில் "என் கால் தீந்து போச்சு" என்று உட்கார்ந்துகொண்டான். அடிவாரத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கும் ஒரு அம்மா இருக்கிறார். திரும்பி வந்ததும் வாங்கித் தருகிறேன் என்றதும் கால் மறுபடி முளைத்துவிட்டது.

மேலே போனதும், வழியெல்லாம் தொணதொணவென்று பேசிக்கொண்டு வந்த இரண்டாம் மாடிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எப்படிச் சொல்வேன்? தலையை நிமிர்த்தி, இன்னும் நிமிர்த்தி, கழுத்து வலிக்கும்வரை நிமிர்த்தினால்தான் அது தொடங்கும் விளிம்பு தெரிகிறது. அங்கிருந்து கிளம்பும் தண்ணீர் அவசரமே இல்லாமல் விழுகிறது. வெள்ளையாக, கொத்துக் கொத்தாக, நடுவழியில் புகையாகி, மறுபடி தண்ணீராகிக் கீழே வந்து அறைகிறது. காலடியில் பாறை அதிர்ந்தது. அந்த அதிர்வு என் பல்லில் தெரிந்தது. பயமாக இருந்தது, ஆனால் அந்த இடத்தை விட்டு நகர மனம் இல்லை. நான் எவ்வளவு சின்னவள் என்று அவ்வளவு பெரியது ஒன்று சொல்லும்போது, எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

அங்கே மலையின் படம் போட்ட ஒரு பலகை இருக்கிறது. பெரியவள் அதை வெகுநேரம் பார்த்தாள். "அப்பா இதுக்கு அந்தப் பக்கம்தானே இருக்காரு?" என்றாள். ஆமாம் என்றேன். அருவிக்கு அருகே போய், பாறையைப் பார்த்து, தொண்டை கிழிய "அப்பா!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

---

பிப்ரவரி 28

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. வேறொன்று சொல்கிறேன்.

பத்து நாளைக்கு முன் வெடி வைத்துவிட்டு, புகை அடங்கியதும் உள்ளே போனோம். ஐம்பது அடி தள்ளி நிற்கும்போதே சத்தம் கேட்டது. இயந்திரச் சத்தமில்லை. நீ எழுதியிருந்தாயே, அந்தச் சத்தம். பாறை முகத்தின் மேல் பாதி பிளந்து, அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தலைவிளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி உடைந்து உடைந்து விழுவது மாதிரி. எல்லோரையும் வெளியே ஓடச் சொன்னேன், ஓடினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் மட்டும் முழங்கால் தண்ணீரில் ஒரு நிமிடம் நின்றேன். நிற்கக் கூடாது, தெரியும். மலைக்குள், இருட்டில், யாரும் பார்க்காத ஒரு அருவி. நீங்கள் வெளியே பார்த்தீர்கள், நான் உள்ளே பார்த்தேன்.

இப்போது பம்பு வைத்து வெளியேற்றுகிறோம். மேனேஜர் குஷியாக இருக்கிறார். அந்தப் பிளவுக்கு அப்பால் பாறை நல்ல பாறை, வேலை வேகமாகப் போகிறது. இப்படியே போனால் ஜூன் கடைசியில் என் பகுதி முடிந்துவிடும். ஜூனில் வந்துவிடுவேன்! பிள்ளைகளிடம் சொல்.

---

மார்ச் 17

என்னங்க,

ஜூன் என்று சொன்னேன். குட்டி காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருக்கிறான். ஆர்வத்தில் ஏப்ரலையும் சேர்த்து அடித்துவிட்டான். பெரியவள் அன்று சாப்பிடும்போது நீங்கள் உட்காரும் நாற்காலியிலிருந்து அவளுடைய பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

முந்தாநாள் மறுபடி அந்தப் பெரிய அருவிக்குப் போனோம். துண்டு, மாற்றுத் துணி, ரொட்டி என்று கட்டிக்கொண்டு பெரிய கூட்டமாக. பாதி வழியில் லிப்ட் அண்ணன் நின்றுவிட்டார். "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றார். அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. குளிரும் வரவில்லை.

அருவி இல்லை. பாறை இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கறை. கீழே குட்டையில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, அதில் இரண்டு மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய சத்தம் இருந்த இடத்தில், ஒரு குழந்தை தும்மினால் எதிரொலித்தது. எல்லோரும் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டவர்கள் மாதிரி மெதுவாகப் பேசினோம்.

குட்டி கேட்டான்: "யாரும்மா ஆஃப் பண்ணது?"

சோளக்கார அம்மாவிடம் விசாரித்தேன். "எவ்வளவு வெயில் அடிச்சாலும் இது நின்னதே இல்லம்மா. எங்க ஊருக்குக் குடிக்கிற தண்ணியே இதுலருந்துதான் குழாய்ல வருது. நாலு வாரமா வரல. எங்கிட்ட கேக்கறீங்க, நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?" என்றார்.

நான்கு வாரம். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உங்கள் கடிதம்தான் என் நினைவில் ஓடியது. அந்த மலைக்குள் நீங்கள் பார்த்தது எங்கள் அருவிதானா?

---

ஏப்ரல் 2

அன்புள்ளவளுக்கு,

ஆமாம்.

உன் கடிதம் வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டு மலையில் ஏறினேன். பாதை கிடையாது, ஏறி முடிக்கவே பாதிப் பகல் போய்விட்டது. மேலே ஒரு ஓடை ஓடுகிறது. நன்றாகத்தான் ஓடி வருகிறது. ஓரிடத்தில் இரண்டு பாறைக்கு நடுவே போகிறது, அதற்கு அப்பால் காணோம். பூமி வாயைத் திறந்து குடிக்கிறது. சாயப் பொடி கொண்டுபோயிருந்தேன், அதில் கரைத்துவிட்டேன். மறுநாள் மாலை சுரங்கத்துக்குள் வந்த தண்ணீர் பச்சையாக வந்தது.

ஓடையின் காய்ந்த தடத்திலேயே நடந்து அந்த விளிம்பு வரை போனேன். அருவி குதிக்கும் இடம். குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். கீழே உங்கள் பாதை, மரங்கள். அதற்கும் அப்பால், புகைமூட்டத்தில் சாம்பல் பெட்டிகளை அடுக்கி வைத்தது போல நம் நகரம். முழு நகரமும் என் கைக்குள் அடங்கியது. அதில் ஏதோ ஒரு பெட்டியில் நீங்கள் மூன்று பேரும் இருக்கிறீர்கள். இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இறங்க வழி இல்லை, செங்குத்துப் பாறை.

இதை அடைக்க முடியும். சுரங்கத்தைச் சுற்றியுள்ள விரிசல்களில் சிமெண்டுக் கரைசலை அழுத்தி ஏற்ற வேண்டும். மெதுவான வேலை. மேனேஜரிடம் சொன்னேன். "எங்கயோ ஒரு அருவி காஞ்சுச்சுன்னு நான் வேலையை நிறுத்தணுமா? பம்பு இருக்கு, ஓடுது. எழுத்துல எதையும் கொண்டு வராதீங்க சார், உங்களுக்கும் நல்லது இல்ல" என்றார். பாறை அறிக்கையில் நான் எழுதினால் அவர் நிறுத்தியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதினால் அடைக்கும் வேலையை நான்தான் கூட இருந்து முடிக்க வேண்டும். ஜூன் கிடையாது. எப்போது என்று சொல்லவும் முடியாது. முழுதாக அடைபடுமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது ஒன்று இருக்கிறது. ஆனால் போன தடவை நானே முடிவெடுத்துவிட்டு உன்னிடம் சொன்னேன். இந்தத் தடவை கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

---

ஏப்ரல் 10

என்னங்க,

பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குட்டி, "அப்பா கையால அடைச்சுட்டு வரட்டும்" என்றான். பெரியவள் "அப்போ ஜூன் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் சமையலறையில் நின்று அழுதேன். எதற்காக என்று சொல்லத் தெரியவில்லை. ஜூனுக்காகவும் இருக்கலாம், நீங்கள் கேட்டதற்காகவும் இருக்கலாம்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பெரியவள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எழுதச் சொல்லு. ஆனா எனக்கு இன்னும் கோபம்தான்" என்றாள்.

என் பதிலும் அதேதான். எழுதுங்கள்.

---

ஜூன் 20

அன்புள்ளவளுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். படுத்தால் போதும் என்றிருந்தது.

அறிக்கை கொடுத்த நாளிலிருந்து மேனேஜர் என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை என் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறார். ஆட்கள் முதலில் முறைத்தார்கள். உள்ளே சிமெண்டு ஏற்ற ஏற்ற, தண்ணீர் வேறு விரிசல் வழியாக வந்தது. அதை அடைத்தால் இன்னொன்று. மலை எங்களோடு விளையாடுகிறதோ என்றிருந்தது. துளையிடும் இயந்திரக்காரர்தான் விடவில்லை. "விடுங்க சார், இன்னும் ஒரு சுத்து அடிச்சுப் பாக்கலாம்" என்பார். அப்படியே எத்தனை சுற்று!

போன வாரம் உள்ளே கொட்டுவது நின்று, சொட்டாகிவிட்டது. ஆனால் நாங்கள் தடுத்த தண்ணீர் பழைய வழிக்குத் திரும்புமா, வேறு எங்காவது போய்விடுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்று மேலே ஏறிப் பார்த்தேன். ஓடை அந்த வாயைத் தாண்டிவிட்டது! காய்ந்த தடத்தில் குழி குழியாக நிரப்பிக்கொண்டு, நத்தை மாதிரி நகர்கிறது. விளிம்புக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது. ஜூலை முதல் ஞாயிறு வாக்கில் எட்டலாம் என்று என் கணக்கு. தப்பாகவும் இருக்கலாம். மழை இன்னும் தொடங்கவில்லை, அதனால் வந்தால் அது இந்தத் தண்ணீர்தான்.

அந்த ஞாயிறு நான் மேலே இருப்பேன். உன் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. முடிந்தால் கீழே வா.

---

ஜூலை 5

என்னங்க,

வீட்டுக்குள் நுழைந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். நீங்கள் மேலே இருந்தீர்கள். கீழே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நாங்கள் விடிந்ததும் கிளம்பிவிட்டோம். லிப்ட் அண்ணன் குடும்பம், கட்டிடத்தில் பாதிப் பேர், சோளக்கார அம்மாவும் அவர் ஊர்க்காரர்களும். காய்ந்த பாறையைப் பார்த்தபடி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. குழந்தைகள் வற்றிக் கிடந்த குட்டைக்குள் இறங்கி ஓடிப் பிடித்து விளையாடினார்கள். இரண்டாம் மாடிக்காரர் "தண்ணி என்ன பஸ்ஸா, நேரத்துக்கு வர?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் கணக்கு தப்பாகிவிட்டால் என்ன எழுதுவது என்று மனதுக்குள் வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் வாசனை வந்தது. மழை பெய்யாமலே மண் நனைந்த வாசனை. சோளக்கார அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மேலே விளிம்பில் ஒரு இடம் கறுத்தது. நிழல் என்றுதான் நினைத்தேன். அந்தக் கறுப்பு வளர்ந்தது. பிறகு அதிலிருந்து ஒரு நூல் கிளம்பியது. வழியில் இருந்த ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, அதை நிரப்பி, பொறுமையாக அடுத்ததற்கு இறங்கியது. முன்னால் காய்ந்த இலைகளையும் சிலந்தி வலைகளையும் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் தலைக்கு மேல் இருந்த கடைசிப் பள்ளம் நிரம்பி, ஒரு கணம் தயங்கி, முதல் சொட்டு குட்டைக்குள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சின்னக் குழந்தைகளுக்குக்கூட.

லிப்ட் அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். "பிள்ளைங்கள மேல தூக்குங்க, வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க!" பிள்ளைகளை வாரிக்கொண்டு கரை ஏறினோம். நூல் கயிறானது, கயிறு துணியானது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குளிர் வந்தது, காலடியில் பாறை அதிர்ந்தது. அவ்வளவு பேர் இருந்தும் ஒருவரும் கைதட்டவில்லை, கூச்சல் போடவில்லை. சோளக்கார அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒரு குழந்தை பிறந்ததைப் பார்த்தவர்கள் மாதிரி இருந்தோம். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, தெரிந்துதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தேன். விளிம்பில், தண்ணீருக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு புள்ளி. புள்ளி அசைந்தது. பெரியவளின் தோளைத் தொட்டுக் காட்டினேன். அவள் அருவியிலிருந்து கண்ணை எடுத்து மேலே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு கழுத்தில் கிடந்த துண்டை உருவி, எட்டும் மட்டும் கையை உயர்த்தி, சுழற்ற ஆரம்பித்தாள். குட்டி என் தோளில் ஏறிக்கொண்டு இரண்டு கைகளையும் ஆட்டினான். அப்போது உங்கள் மஞ்சள் தொப்பி தலையிலிருந்து கைக்குப் போனது. நீங்களும் ஆட்டினீர்கள்.

கை வலித்தும் நாங்கள் யாரும் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தவில்லை. நடுவில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.